நல்ல தண்ணிப் புழு

மருந்து ஊத்தாம இவன் ஏன் ட்ரம்முக்குள்ள தலையை விட்டுட்டு நிக்கறான்னு பாக்கறீங்க, அதானே மேடம்? ஒரு நிமிஷம், டார்ச்சை அணைச்சிடறேன். இருக்கு. நெறையவே இருக்கு. போன வாரம்தான் கழுவினேன்னு நீங்க சொன்னா நான் நம்பறேன். புழுவுக்கு அது தெரியல போல.

லாரித் தண்ணி, கொட்ட மனசு வரல. எல்லா வீட்டுலயும் இதைத்தான் சொல்றாங்க. நான் சண்டைக்கு வரல மேடம். எனக்கும் கொட்ட மனசு வரல. என் காரணம் வேற. இந்தப் புழுவைப் பாருங்களேன், எவ்ளோ கொழுத்துப் போய்த் துள்ளுது. இதை ஒரு பொட்டை மீனுக்கு ரெண்டு வாரம் போட்டீங்கன்னா, வயிறு உப்பி முட்டைக்கு ரெடியாயிடும். சிரிக்காதீங்க. கொசு ஒழிக்க வந்தவன் கொசுப்புழுவைப் பாத்து எச்சில் ஊற நிக்கறான்னு நெனைப்பீங்க. எச்சில் எனக்கு ஊறல, என் மீனுக்கு ஊறும்.

சொல்லிடறேன். சொன்னாதான் இந்த ட்ரம்மை எப்படி முடிக்கறதுன்னு உங்களுக்குப் புரியும்.

என் பேரு ஏகாம்பரம். பதினோரு வருஷமா இதே வேலை. வீடு வீடாப் போறது, தொட்டியைத் தொறக்கறது, டார்ச் அடிக்கறது, புழு இருந்தா கொட்டறது, கொட்ட முடியலன்னா மருந்து ஊத்தறது, சுவத்துல தேதி எழுதறது. இந்த ஏரியாவுக்கு வந்து மூணு மாசம்தான் ஆவுது. முன்ன பொன்னியம்மன்மேட்டுல, என் வீடு இருக்கற வார்டுலயே வேலை. அங்கேர்ந்து ஏன் மாத்தினாங்கன்னுதான் சொல்ல வர்றேன்.

எனக்கு ஒரு மச்சான், டில்லிபாபு. என் சம்சாரம் மோகனாவோட கூடப்பொறந்த அண்ணன். கொளத்தூர்ல வண்ண மீன் கடை வெச்சிருக்கான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் நாலு பேர் முன்னாடி என்னைக் காட்டி, "இவரு நம்ம மாப்ள, கொசு அடிக்கறாரு"ம்பான். அடிக்கறதாம். நான் என்ன கொசு பேட்டை வெச்சிக்கிட்டு சோஃபாவுல உக்காந்தா அடிக்கறேன்? மோகனாவும் கூடச் சேர்ந்து சிரிப்பா. அந்தச் சிரிப்புதான் மேடம் எனக்கு உள்ள போய் உக்காந்துடுச்சு.

ஒரு நாள் அவன் கடையில ஒரு ஜோடி ஃபைட்டர் மீன். ஆணு நல்ல ராயல் ப்ளூ, வால் பாவாடை மாதிரி விரியும். பொட்டை கொஞ்சம் மங்கல். "இதை நான் எடுத்துட்டுப் போய் முட்டை போட வெக்கறேன்"ன்னு சொல்லிட்டேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். அவன் சொன்னான், "மாப்ள, ஃபைட்டரைக் குஞ்சு எடுக்கறது எல்லாருக்கும் வராது. உன்கிட்ட அது முட்டை போட்டுச்சுன்னா நான் கடையை உன் பேருக்கு எழுதித் தர்றேன்." கடையில நின்ன வாடிக்கையாளருங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. ஜோடியைக் கவர்ல கட்டி வாங்கிட்டு வந்துட்டேன்.

மொத தடவை என்ன பண்ணேன் தெரியுமா? வாங்கின அன்னிக்கே ரெண்டையும் ஒண்ணா விட்டேன். கல்யாணம் பண்ணி வெச்சா தானா சேந்துக்கும்னு நெனச்சேன். சாயங்காலம் பாத்தா பொட்டைக்கு வாலே இல்ல. கடிச்சுக் குதறி வெச்சிருக்கான். மோகனா பாத்துட்டு, "ஒரு பொண்ணைக் கொண்டு வந்து எப்படிப்பட்டவன்கிட்ட விட்டிருக்க"ன்னா. பொட்டையைத் தனியா எடுத்து வெச்சேன்.

டில்லிபாபுக்கு போன் பண்ணேன். வேற வழி? அவன் சொன்னான், "வயித்துல முட்டை இல்லாத பொட்டையை விட்டா அடிக்கத்தான் செய்யும். என்ன தீனி போடற?" பாக்கெட் தீனின்னேன். "அதைப் போட்டா உயிரோட இருக்கும், முட்டை வெக்காது. புழு போடு. ரெண்டு வாரம் ரெண்டுக்கும் புழு போட்டுத் தேத்து. பொட்டைக்கு வயிறு உப்பும். ஆணு தண்ணி மேல நுரையால கூடு கட்டும். அப்பறம் விடு." இவ்வளவுதான் சொன்னான். என்ன புழு, எங்க வாங்கறது, நான் கேக்கல. கேட்டா சிரிப்பான். அதுவுமில்லாம, புழுவைப் பத்தி எனக்கா சொல்லித் தரணும்? பதினோரு வருஷம் மேடம்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது பையில ஒரு பாட்டிலும் டீ வடிகட்டியும் எடுத்துக்கிட்டேன்.

ஆரம்பத்துல கால்வாய் ஓரத் தண்ணியில பிடிச்சேன். அது சாக்கடைப் புழு. மீன் தின்னுச்சு, தின்ன நாலாம் நாள் துடுப்பெல்லாம் அழுகற மாதிரி ஆயிடுச்சு. உப்புத் தண்ணியில விட்டு ஒரு வழியா காப்பாத்தினேன். அப்பதான் புரிஞ்சுது, மீனுக்கு நல்ல தண்ணிப் புழுதான் சரி. ட்ரம்முல, தொட்டியில, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி தட்டுல, பூந்தொட்டி அடியில இருக்குமே, அது. நாத்தம் கிடையாது, நோய் கிடையாது, சுத்தமான தீனி. டெங்கு கொசுவும் நல்ல தண்ணியிலதான் வளரும்னு நாந்தான் தெருத்தெருவா மைக்ல சொல்றேன். ரெண்டும் ஒரே புழுதான்னு எனக்குத் தெரியாதா? தெரியும். மைக்கைப் பிடிக்கும்போது ஒரு மாதிரி தெரிஞ்சுது, வடிகட்டியைப் பிடிக்கும்போது வேற மாதிரி தெரிஞ்சுது.

அதுல ஒரு தப்பும் இல்லன்னு நெனச்சேன். அரசாங்கம் கொட்டச் சொல்லுது, நான் மீனுக்குப் போடறேன். எப்படியும் அழியத்தானே போவுது? அந்த மாசம் மாதிரி நான் என்னிக்குமே வேலை செஞ்சதில்ல மேடம். ஒரு வீடு விடல. தண்ணி டேங்க் மேல ஏறினேன். பழைய டயருக்குள்ள கை விட்டேன். சூப்பர்வைசர் எல்லாரையும் நிக்க வெச்சு, "ஏகாம்பரத்தைப் பாத்துக் கத்துக்கங்க"ன்னாரு. என் கூட வேலை பாக்கற ரெஜினா, சின்னப் பொண்ணு, ரெண்டு வருஷம்தான் ஆவுது வேலைக்கு வந்து, "அண்ணா, எப்படிண்ணா இவ்ளோ ஆர்வம்?"ன்னு கேட்டுச்சு. "மனசு வேணும்மா"ன்னேன்.

வீட்டுலயும் பலன் தெரிஞ்சுது. பொட்டைக்கு நெறமே மாறிடுச்சு. வயிறு கொஞ்சமா உப்ப ஆரம்பிச்சுது. ஆணு ஒரு மூலையில நாலு நுரை விட்டுப் பாத்தான். மோகனா டப்பாக்கிட்ட வந்து நின்னு, "பரவாயில்லையே"ன்னா. இருபது வருஷக் கல்யாணத்துல அவ வாயிலேர்ந்து அந்த வார்த்தையை நான் மூணு தடவைதான் கேட்டிருக்கேன்.

அங்கதான் வினை. நான் நல்லா வேலை செஞ்சதுல என் ஏரியாவுல புழுவே இல்லாம போயிடுச்சு. நாலு தெரு சுத்தினாலும் பாட்டில் அடியில ரெண்டு கெடக்கும். எந்தத் தொட்டியைத் தொறந்தாலும் கண்ணாடி மாதிரி தண்ணி. வீட்டுக்காரங்க பெருமையா நிக்கறாங்க, எனக்கு எரிச்சலா வருது. ஒரு அம்மாகிட்ட, "ஏம்மா தினமுமா கழுவுவீங்க?"ன்னு கேட்டே கேட்டுட்டேன். பொட்டைக்கு வயிறு வத்த ஆரம்பிச்சுது. ஒரு வாரம் விட்டா மறுபடி மொதல்லேர்ந்து.

அப்பறம் என்ன பண்ணேன்னு நீங்களே சொல்லிடுவீங்க. எங்க மொட்டை மாடியில ஏழு பக்கெட்.

சுத்தமா செஞ்சேன். அதுல என்னைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு பக்கெட்லயும் தேதி எழுதினேன். புழு கூட்டுப்புழு ஆகறதுக்கு முன்னாடி, அஞ்சாம் நாள், மொத்தமா வடிகட்டி எடுத்துடுவேன். முட்டை விழுந்ததும் மேல மோகனாவோட பழைய புடவையைக் கட்டிடுவேன். ஒரு கொசு வெளிய போகல. மோகனா ஒரு தடவை மேல வந்து பாத்துட்டு, "என்னய்யா, உன் ஆபீஸை வீட்டுக்கே கொண்டாந்துட்டியா"ன்னா. இது ஆராய்ச்சின்னேன். அவ இன்னும் ஒரு தடவை பக்கெட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா, கீழ போயிட்டா.

அந்த நேரம் பாத்து பக்கத்து மண்டலத்துல காய்ச்சல் ஜாஸ்தியாயிடுச்சு. நாலு நாள் சிறப்பு முகாம். நல்ல ஆளா பொறுக்கி அனுப்புங்கன்னு மேல சொல்லியிருக்காங்க. சூப்பர்வைசர் யாரைப் பொறுக்குவாரு? காலையில ஆறு மணிக்கு வண்டியில ஏத்திட்டுப் போவாங்க, இறக்கி விடும்போது உடம்புல ஒண்ணும் மிச்சம் இருக்காது. நாலு நாளும் அடுத்தவன் ஏரியாவுல கொசு ஒழிச்சேன். மாடி ஏறல.

அஞ்சாம் நாள் மேல போய் ரெண்டு பக்கெட்டோட புடவையைத் தூக்கினேன். கொய்யின்னு மூஞ்சி மேல வந்து மோதிச்சு. கொசுங்க காலெல்லாம் வெள்ளை வரி வரியா, டெங்கு கொசுவேதான். தூக்கறதுக்கு முன்னாடி புடவையைத் தட்டிப் பாக்கணும்னு கூடத் தோணல எனக்கு. பயிற்சியில மொத நாள் சொல்லித் தர்ற பாடம் அது. எல்லாம் பறந்து போச்சு. என் மனசுல மொதல்ல வந்தது என்ன தெரியுமா? ஐயோ, ரெண்டு பக்கெட் தீனி போச்சேன்னுதான்.

ஒண்ணு சொல்லணும் மேடம். கொசு பொறக்கும்போதே டெங்குவோட பொறக்கறதில்ல. அது போய் ஒரு காய்ச்சக்காரங்களைக் கடிச்சு, அப்பறம் பத்து நாள் கழிச்சு இன்னொருத்தரைக் கடிச்சாதான் ஒட்டும். அதனால என் கொசுவேதான்னு சட்டப்படி சொல்ல முடியாது. இதை நான் நெறைய பேருக்கு விளக்கியிருக்கேன். யாருமே கேக்காமலும் விளக்கியிருக்கேன்.

மூணு வாரம் போச்சு. மீதி அஞ்சு பக்கெட்ல ஓட்டினேன். பொட்டை வயிறு பந்து மாதிரி ஆச்சு, அடியில வெள்ளைப் புள்ளி தெரிஞ்சுது. மாடியிலயே ஒரு தெர்மாகோல் பெட்டியில நாலு விரக்கடை தண்ணி விட்டு, மேல ஒரு காஞ்ச வாதாம் இலையை மிதக்க விட்டேன். ஆணு அந்த இலைக்கு அடியில உள்ளங்கை அகலத்துக்கு நுரைக் கூடு கட்டிட்டான். அன்னிக்குக் காலையில பொட்டையை விட்டேன். அன்னிக்குக் காலையிலதான் மோகனா கண்ணு வலிக்குதுன்னு படுத்தா.

உடம்பு அனல். கண்ணுக்குப் பின்னாடி வலி, மூட்டு வலி. இந்த மூணும் இருந்தா என்னன்னு நோட்டீஸ் அடிச்சு நாந்தான் கதவு கதவா ஒட்டறேன். என் வீட்டுல வந்ததும், "வைரல் ஃபீவர்தான், ரெண்டு நாள்ல சரியாயிடும்"னு சொல்லி நிலவேம்புக் கஷாயம் காய்ச்சிக் குடுத்தேன். அவ அதைக் குடிச்சுட்டு மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே, "மேல போய்ப் பாரு, முட்டை போட்டுச்சா?"ன்னு கேட்டா. போனேன். கட்டிப் பிடிச்சு, புரண்டு, பொட்டை வயித்துலேர்ந்து கடுகு மாதிரி வெள்ளையா உதிருது. ஆணு ஒவ்வொண்ணா வாயில பொறுக்கி எடுத்துட்டுப் போய் நுரையில ஒட்ட வைக்கறான். நான் எவ்வளவு நேரம் அங்க உக்காந்திருந்தேன்னு தெரியல. கீழ வரும்போது மோகனா வாந்தி எடுத்துட்டுத் தரையில உக்காந்திருந்தா.

ஆட்டோவுல ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தாங்க. தட்டணு எறங்கிப் போச்சு. கொசுவலை கட்டின வார்டுல போட்டாங்க. அந்த வலைக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கும்போது எனக்கு என்ன ஆச்சுன்னா, நான் ஏழு பக்கெட்டுக்குக் கட்டின புடவைதான் ஞாபகம் வந்துச்சு.

டாக்டரம்மா சின்ன வயசு. மோகனாகிட்ட கேட்டாங்க, "வீட்டுல, மாடியில எங்கயாவது தண்ணி தேங்கியிருக்காம்மா?"

மோகனா என்னைத் திரும்பிப் பாத்தா. பாத்துட்டு, "இல்ல டாக்டர். எங்க வீட்டுக்காரரு கொசு ஒழிப்புலதான் இருக்காரு. எங்க வீட்டுல அதெல்லாம் இருக்காது"ன்னா.

டாக்டரம்மா என்னைப் பாத்து மரியாதையா தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன்.

ஒரு வீட்டுல டெங்குன்னு வந்துட்டா, அந்த வீட்டையும் சுத்தி அம்பது வீட்டையும் உடனே பாக்கணும். அதான் முறை. மறுநாள் லிஸ்ட் போயிடுச்சு. நான் லீவு. ரெஜினாவை அனுப்பியிருக்காங்க. வார்டு வாசல்ல நிக்கறேன், போன் வருது.

"அண்ணா, உங்க மாடியிலதான் நிக்கறேன்."

"சொல்லும்மா."

"ஏழு பக்கெட்டுண்ணா. அஞ்சுல புழு. எல்லாம் நல்ல தண்ணி. தேதி எல்லாம் எழுதியிருக்கு."

"ம்."

"உங்க கையெழுத்து மாதிரியே இருக்குண்ணா."

நான் சொன்னேன் மேடம், என் வாயால சொன்னேன், "பக்கத்து வீட்டுக்காரங்க துணி காயப்போட மாடிக்கு வருவாங்க. அவங்க வெச்சிருப்பாங்க."

அந்தப் பொண்ணு மாடியில நடக்கற சத்தம் கேட்டுச்சு. அப்பறம், "ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கு. ஒரே நுரை, மேல இலை. அடியில ஒரு நீல மீன் என்னை முறைச்சுக்கிட்டு நிக்குது. இதுவும் பக்கத்து வீட்டுக்காரங்களதாண்ணா?"

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மீன் இருக்கற தண்ணியில புழு நிக்காது, அந்தப் பெட்டி ஒண்ணுதான் அந்த மாடியிலயே யோக்கியமான தண்ணி. அது ரெஜினாவுக்கும் தெரியும். அதை மட்டும் விட்டுடும்மா, அது என்னோடதுன்னு சொன்னா போதும். ஆனா பெட்டி என்னோடதுன்னா பக்கெட்டும் என்னோடதுதானே. வேலை போயிடும். அதனால, "ஆமாம்மா, அவங்களதுதான். கொட்டிடு"ன்னேன்.

கொட்டிடுச்சு. ஆணையும் பொட்டையையும் மட்டும் தனித்தனி பாட்டில்ல பிடிச்சு, வெளிப்பக்கமா சமையல்கட்டு ஜன்னல்ல வெச்சிட்டுப் போயிருக்கு. நல்ல பொண்ணு. ரிஜிஸ்டர்ல பேரு எழுதாம, "புழுக்கள் அழிக்கப்பட்டன, வீட்டாருக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது"ன்னு எழுதியிருந்துச்சு. சூப்பர்வைசர் ரெண்டு தடவை அதைப் படிச்சாரு. ஒண்ணும் கேக்கல. ஏரியாவை மட்டும் மாத்தினாரு.

அஞ்சாம் நாள் மோகனாவுக்குத் தட்டணு ஏறிச்சு. எழுந்து உக்காந்து ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா. குடிச்சதும் கேட்ட மொதக் கேள்வி, "குஞ்சு பொரிச்சுதா?"

பொரிச்சுதுன்னு சொன்னேன். நூத்துக்கணக்குல, ஊசி முனை மாதிரி, எல்லாம் நீந்துதுன்னேன். காய்ச்ச விட்ட உடம்பு, எப்படி மேடம் இல்லன்னு சொல்றது? அவ சிரிச்சா பாருங்க. பக்கத்து பெட்டுக்குச் சொன்னா. நர்ஸுக்குச் சொன்னா. அதோட விட்டாளா, போனை வாங்கி டில்லிபாபுக்கும் சொல்லிட்டா. "முடியாதுன்னியே அண்ணா, எங்க வீட்டுக்காரர் கையில நூறு குஞ்சு"ன்னு.

வீட்டுக்கு வந்த அன்னிக்கு டில்லிபாபு வாசல்ல நிக்கறான். தங்கச்சிக்கு மாதுளம்பழம், குஞ்சுங்களுக்குத் தீனி. "மாப்ள, நான் தப்பா பேசிட்டேன், முதல்ல குஞ்சைக் காட்டு"ன்னு படி ஏறிட்டான். மோகனா கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா அவன் பின்னாடியே ஏறறா. வேணாம், மூச்சு வாங்கும்னு சொல்றேன், கேக்கல. மேல ஏழு பக்கெட்டும் கவுத்து வரிசையா வெச்சிருக்கு. தெர்மாகோல் பெட்டியும் கவுந்து கெடக்கு. வாதாம் இலை சுவத்தோரமா காஞ்சு கெடந்துச்சு.

எல்லாத்தையும் சொல்லிட்டேன். வேற வழி இல்ல.

டில்லிபாபு சிரிக்கவே இல்ல. அவன் சிரிச்சிருந்தா நான் தாங்கியிருப்பேன். "மாப்ள, நான் சொன்ன புழு ஐஸ் பாக்கெட்ல என் கடையிலயே விக்குது. இல்லன்னா இறாலைப் பொடிசா நறுக்கிப் போட்டாலே வயிறு வைக்கும். கொசு வளக்கச் சொல்லி எவன்யா சொன்னது? கேட்டிருக்கலாமே"ன்னான். கேட்டிருக்கலாம். ஒரு கேள்வி.

மோகனா மேல் படியிலயே உக்காந்துட்டா. அவளுக்குக் கோவம் வரும்னு எதிர்பாத்தேன். பக்கெட்டுக்காகத் திட்டுவா, காய்ச்சலுக்காகத் திட்டுவான்னு நின்னேன். அவ அந்தப் பெட்டியையே பாத்துட்டிருந்தா.

"அந்த டாக்டர் கேட்டப்ப நான் ஏன் இல்லன்னு சொன்னேன் தெரியுமா?"ன்னா. "எனக்குத் தெரியாதா, இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு? சொன்னா உடனே ஆள் வந்து எல்லாத்தையும் கொட்டிடுவாங்க. அது பொரியற வரைக்குமாவது இருக்கட்டும்னுதான் வாயை மூடிக்கிட்டேன். நீ ஒரு போன்ல கொட்டச் சொல்லிட்ட."

அப்பறம் டில்லிபாபு கையைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ இறங்கிட்டா. என் கையும் அங்கதான் நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

இப்ப நல்லா இருக்கா. பேசறா, சிரிக்கறா. சாயங்காலம் நான் போனதும் பையை வாங்கி, பாட்டிலைத் தொறந்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டுதான் டீ வெப்பா. என்னை விட நல்லா செக் பண்றா. மீன் ரெண்டும் இருக்கு. பாக்கெட் தீனிதான். டில்லிபாபு குடுத்த ஐஸ் புழு ஃப்ரீசர்ல அப்படியே கெடக்கு. எடுத்துப் போடலாம்தான். மோகனா ஒரு வார்த்தை சொல்லட்டும்னு இருக்கேன். நான் கேக்கல. கேக்கறதுதான் எனக்கு வராதே.

சரி, ட்ரம்முக்கு வருவோம். மருந்து ஊத்தினா இந்தத் தண்ணியில துணி துவைச்சுக்கலாம், தப்பில்ல. ஆனா இதுல பாதி கூட்டுப்புழு ஆயிடுச்சு, மருந்து கேக்காது. கொட்டித்தான் ஆகணும். நாளைக்குள்ள பறந்துடும்.

ஒரு உதவி மேடம். அந்தப் பக்கம் பிடிச்சு நீங்களே கவுத்திடுங்க. நான் இந்தப் பக்கம் திரும்பி சுவத்துல தேதி எழுதறேன். வீட்டுல எத்தனை பேரு, யாருக்காவது காய்ச்சல் இருக்கான்னு மட்டும் சொல்லிக்கிட்டே கவுத்துங்க.